காற்று ஓடுகிறது, மேகம் நிற்கிறது

மலையுச்சிக்கு மேலே, கவிழ்த்து வைத்த தட்டைப் போல ஒரு மேகம். காற்று பலமாக வீசுகிறது. மற்ற மேகங்கள் அடித்துக்கொண்டு போகின்றன. இது மட்டும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. இதை வில்லை மேகம் என்பார்கள்.

ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் பாறையைப் பாருங்கள். அதன்மேல் ஏறி இறங்கிய தண்ணீர், அதைத் தாண்டிய பிறகும் மேடும் பள்ளமுமாகவே போகும். நீர் ஓடும், அந்த மேடு மட்டும் இடம் மாறாது. காற்றுக்கு மலையும் அப்படி ஒரு பாறைதான்.

மேலே தள்ளப்படும் காற்று விரிந்து குளிர்கிறது. நீராவி துளியாகாத வரை, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9.8 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்றில் வெப்பநிலை அவ்வளவு வேகமாகக் குறையாவிட்டால், ஏறிவந்த காற்று அதைவிடக் குளிர்ந்து கனத்துவிடும். எனவே கீழே இறங்கும். இறங்கும் வேகத்தில் பழைய மட்டத்தையும் தாண்டிப்போய், சூடேறி லேசாகி, மறுபடி எழும். ஊஞ்சலைப் போல. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 10 நிமிடம் ஆகும். அதற்குள் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 12 கிலோமீட்டர் கடந்திருக்கும். இந்தக் காற்றலையின் அடுத்த முகடு அங்கேதான்! வானத்தில் வரிசைகட்டி நிற்கும் மேகங்களின் இடைவெளியை ஒரு பெருக்கல் சொல்லிவிடுகிறது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

முகட்டில் நீராவி துளியாகிறது. இறங்கும்போது துளி ஆவியாகிறது. மேகத்தின் முன்விளிம்பில் துளிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன, பின்விளிம்பில் மறைந்துகொண்டே இருக்கின்றன. எந்தத் துளியும் சில நிமிடங்களுக்கு மேல் அதில் தங்குவதில்லை.

இந்த அலையை அளந்தவர்களில் யோவாகிம் க்யூட்னர் எனக்கு மிகவும் பிடித்தவர். முதலில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் கிளைடர் விமானமும் மலையும்தான் அவரை வானிலையியலுக்கு இழுத்துவந்தன. 1937இல் ரீசன்கெபிர்கே மலைத்தொடரில் ஒரு கிளைடர் போட்டி நடந்தது. அதில் பறந்தவர்களின் உயரப் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். பின்னர் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் நடந்த பெரிய ஆய்விலும் முன்னின்றார். அங்கே 1952இல் லாரி எட்கரும் ஹெரால்ட் கிளீஃபோர்த்தும், கிளைடரில் 13 கிலோமீட்டருக்கு மேல் ஏறினார்கள். 2018இல் பெர்லான் 2 கிளைடர், ஆண்டிஸ் மலையலையில் 23 கிலோமீட்டரைத் தொட்டது.

முகடுகளுக்குள் பறப்பது பட்டுப்போல் வழுவழுப்பாக இருக்கும். அடியில் நிலைமை வேறு: அங்கே காற்று உருளையாகச் சுழன்று கொந்தளிக்கும். 1955இல் அதே சியராவில், அதே எட்கர் ஓட்டிவந்த கிளைடரை அந்தச் சுழல் வானிலேயே பிய்த்தெறிந்தது. அவர் பாராசூட்டில் இறங்கி உயிர்பிழைத்தார்.