மூன்று நிமிடத்தில் 128 ஜிபி எப்படி அழிகிறது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய கைப்பேசியை லோயாட் பிளாசாவில் தள்ளிவிடலாம் என்று ரீசெட் கொடுத்தேன். மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதில் இருந்த படங்களை மடிக்கணினிக்கு மாற்றவே அரை நாள் பிடித்தது. மாற்ற அரை நாள், அழிக்க மூன்று நிமிடமா? நம்பலாமா? பேசாமல் சுத்தியலால் அடித்து நொறுக்கு என்கிறார் அண்ணன்."

சந்தேகம் நியாயமானதுதான். சேமிப்புச் சிப் நொடிக்கு 200 எம்பி எழுதும் என்று வைத்துக்கொள்வோம். 128 ஜிபி முழுவதையும் சுழியத்தால் நிரப்ப 640 நொடி ஆகும், கிட்டத்தட்ட 11 நிமிடம். உங்கள் கைப்பேசியோ மூன்று நிமிடத்தில் எழுந்து 'வெல்கம்' சொல்லிவிட்டது. ஆகவே அது எல்லாவற்றையும் மேலெழுதி அழிக்கவில்லை. ரீசெட் முடிந்த நேரத்தில் உங்கள் படங்களின் மின்சுவடு சிப்பில் அப்படியே கிடந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் படங்களை இனி யாராலும் பார்க்க முடியாது.

இது எப்படி என்று புரிய, சிப் எப்படி எழுதுகிறது என்று தெரியவேண்டும். கைப்பேசியில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. ஒவ்வொரு நுண்ணறையிலும் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் எழுதுவது, 20 வோல்ட் அளவு மின்னழுத்தம் கொடுத்து அவற்றை வெளியே இழுப்பதுதான் அழிப்பது. ஒரு வினோதம் உண்டு: எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும், அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த கட்டம் கட்டமாகத்தான் நடக்கும். நடுவில் ஒரே ஒரு பக்கத்தை அழித்துத் திருத்த வழியே இல்லை.

ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாணியால் கீறியதை அழித்து எழுத முடியாது. பிழை என்றால் புது ஓலையில் எழுதிச் சேர்க்கவேண்டும், பழைய ஓலை பரணுக்குப் போகும். சிப்பும் அதையே செய்கிறது. ஒரு படத்தைத் திருத்தினால் புதிய பதிப்பு வேறொரு பக்கத்துக்குப் போகிறது. சிப்புக்குள் இருக்கும் கட்டுப்பாட்டகம் தன் அட்டவணையில் முகவரியை மட்டும் மாற்றிக்கொள்கிறது. பழையது, கட்டம் காலியாகும் நாள்வரை பரணில் கிடக்கும். தவிர, ஒவ்வொரு கட்டமும் சில ஆயிரம் அழிப்புகளில் தேய்ந்துவிடும் என்பதால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் வேலையைச் சிப் முழுக்கப் பரப்பிவிடுகிறது கட்டுப்பாட்டகம். கைப்பேசியின் இயங்குதளம் 'இந்த இடத்தில் சுழியம் எழுது' என்றால், 'எழுதிவிட்டேன்' என்று சொல்லிவிட்டு வேறெங்கோ எழுதும்.

அதனால்தான் 'ஏழு முறை மேலெழுதும்' செயலிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன். அந்தச் சடங்கு பழைய கணினி வன்வட்டுகளின் காந்தத் தட்டுக் காலத்தது. 1996-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் அந்த வட்டுகளுக்காக 35 முறை மேலெழுதும் முறையை எழுதினார். பிறகு அவரே, மக்கள் இதைப் பேயோட்டும் மந்திரம்போல ஓதுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். கைப்பேசிமேல் காந்தம் தேய்ப்பதும் அதே கணக்குதான். ஃபிளாஷில் இருப்பது மின்னூட்டம், காந்தம் அதை ஒன்றும் செய்யாது. புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பதில் பழம் நசுங்குவதையாவது கண்ணால் பார்க்கலாம்.

அழிக்க முடியாத சிப்பை அழித்ததாக நினைத்தால் என்ன ஆகும் என்பது 2015-இல் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும், ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரை ஓடிய 21 பழைய கைப்பேசிகளை வாங்கி ரீசெட் செய்து உள்ளே துழாவினார்கள். படங்களும் குறுஞ்செய்திகளும் கிடைத்தன. மோசமானது கூகுள் கணக்கின் நுழைவுச் சீட்டு கிடைத்ததுதான். அது கையில் இருந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை, மின்னஞ்சலுக்குள் நேராக நுழையலாம். 50 கோடிக் கருவிகள்வரை இந்தக் குறையோடு இருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள்.

இன்றைய கைப்பேசிகள் எடுத்த வழி வேறு. தகவலை அழிக்க முயல்வதில்லை. முதல் நாளிலிருந்தே எதையும் பூட்டாமல் எழுதுவதில்லை, அவ்வளவுதான். கேமரா எடுத்த படம் சிப்புக்குப் போகும் வழியிலேயே ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறையில் கலைக்கப்படுகிறது. சிப்பில் போய்ச் சேர்வது இரைச்சல். சாவி இருந்தால் அது படம், இல்லாவிட்டால் வானொலியில் அலைவரிசைக்கு நடுவே கேட்கும் 'உஸ்ஸ்'. ஐபோன்களில் இது 2009-இன் 3ஜிஎஸ் முதலே வன்பொருளில் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 6-இல் வேகமான புதுக் கருவிகளுக்குக் கட்டாயமானது. ஆண்ட்ராய்டு 10 முதல் விலை மலிவான புதுக் கைப்பேசிக்கும் விலக்கு இல்லை.

ஆக, 128 ஜிபியையும் பயனற்றதாக்க ஒரு சாவியைத் தொலைத்தால் போதும். அந்தச் சாவி எவ்வளவு பெரியது? 256 பிட், அதாவது 32 பைட். யூனிகோடின் வழக்கமான யுடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'கோலாலம்பூர்' என்ற சொல்லை எழுத 11 குறிகள், 33 பைட். உங்கள் பத்து வருடத்துப் படங்களையும் குரல்செய்திகளையும் காப்பது இந்த ஒரு சொல்லைவிட ஒரு பைட் சின்னது! ஊகித்துப் பிடிக்கலாமே என்றால், சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்ட எண். நொடிக்கு நூறு கோடி சாவிகளை முயலும் கணினிகள் நூறு கோடி இருந்தாலும், இந்தப் பிரபஞ்சத்தின் 1,380 கோடி ஆண்டு வயது அந்த வேலைக்கு ஒரு கண்சிமிட்டலுக்கும் கீழ்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிதான் வருகிறது. 32 பைட்டை மட்டும் எப்படி அழிப்பது? சாவியும் அதே ஃபிளாஷில்தானே இருக்கிறது? முழுப் படத்தையும் பரணில் போட்டு வைக்கும் சிப், துக்கடாச் சாவியின் பழைய பிரதியைப் போட்டு வைக்காதா? 128 ஜிபியில் 32 பைட் ஒளிந்துகொள்ள இடமா இல்லை!

ஆப்பிளின் விடை நேரடியானது: கட்டுப்பாட்டகத்தின் அட்டவணை விளையாட்டுக்கு வெளியே, நேரடி முகவரியில் எழுதி நேரடியாக அழிக்கும்படி சாவிகளுக்கென்று ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி வைத்தது.

ஆண்ட்ராய்டின் விடை குறும்பானது. சாவியைச் சிறிதாக வைத்தால்தானே ஒளியும்? பெரிதாக்கிவிடு! சாவியையே இன்னொரு பூட்டால் பூட்டி, அந்தப் பூட்டிய சாவியோடு 16,384 பைட் அளவுக்கு வெறும் தற்செயல் இரைச்சலை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. பூட்டைத் திறக்க அந்தக் கோப்பு முழுவதையும் அரைத்து, 64 பைட் சாறு பிழிந்து சேர்க்கவேண்டும். அந்த அரவைக்கு ஒரு குணம்: 16,384 பைட்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும் சாறு அடியோடு வேறாகிவிடும். ஏறக்குறைய சரி என்ற பேச்சுக்கே இடமில்லை. ரீசெட்டின்போது அந்தப் பகுதியை உண்மையாகவே அழிக்கச் சொல்லி சிப்புக்கு உத்தரவு போகிறது. சிப் சோம்பேறித்தனமாக முக்கால்வாசியை விட்டுவைத்தாலும் கவலையில்லை. கால்வாசி போனால் போதும், ஒரு பிட் போனாலே போதும். ஒளிந்து பிழைக்க வேண்டிய பொருளை, ஒளியவே முடியாத அளவு பருமனாக்கிவிட்டார்கள். இதற்குமேல், அந்தப் பூட்டிய சாவியை அதே கைப்பேசியின் பாதுகாப்புப் பகுதி மட்டுமே பிரிக்க முடியும். சிப்பைக் கழற்றி வேறு கருவியில் மாட்டினாலும் பலனில்லை.

ஏஇஎஸ்ஸின் உள்ளே ஓடுவது 1832-இல், 20 வயதில், துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போன பிரெஞ்சுக் கணித மேதை எவரிஸ்ட் கலுவாவின் இயற்கணிதம். 1997-இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் பகிரங்கப் போட்டி வைத்து, வந்த 15 முறைகளையும் உலகமே உடைத்துப் பார்க்க விட்டு, இரண்டு பெல்ஜியக்காரர்களின் முறையைத் தேர்ந்தெடுத்து, 2001-இல் எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. தூய கணிதத்துக்கு எதற்கு ஆராய்ச்சி மானியம் என்று கேட்பவர்களின் சட்டைப்பையிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, விற்கும் வழிக்கு வருவோம். சாவி சிப்பில் இருப்பதை மட்டுமே பூட்டுகிறது. வம்பு வருவதெல்லாம் சிப்புக்கு வெளியே.

முதலில் புதுக் கைப்பேசியை முழுதாகத் தயார்செய்யுங்கள், பழையதைத் தொடாதீர்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்தபடி, வங்கிப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் கருவி ஒருவருக்கு ஒன்றுதான், புதிதாகப் பதிந்தால் காத்திருப்பு நேரமும் உண்டு. ஆகவே சம்பள நாளிலோ வீட்டுக் கடன் கட்டும் நாளிலோ இதை வைத்துக்கொள்ளாதீர்கள். அதிகம் பேர் அழுவது ஆறு இலக்க எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்காகத்தான். அதை ஏற்றுமதி செய்யாமல் ரீசெட் கொடுத்தால், உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாமல் போகலாம். வாட்ஸ்அப் காப்புப்பிரதியை எடுத்தால் மட்டும் போதாது, புதியதில் இறக்கி, பழைய உரையாடல் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இ-சிம் என்றால் அதையும் முதலிலேயே மாற்றுங்கள்.

படங்களை ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். கணக்கு இணைந்திருக்கும்போது பழைய கைப்பேசியில் அழித்தால், மேகச் சேமிப்பிலும் புதுக் கைப்பேசியிலும் சேர்ந்தே போகும். அழிக்கும் வேலையை ரீசெட்டுக்கு விடுங்கள்.

அடுத்து சிம் கார்டையும் மெமரி கார்டையும் கையால் உருவுங்கள். ஆண்ட்ராய்டில் மெமரி கார்டு பெரும்பாலும் பூட்டப்படாமலே இருக்கும், ரீசெட் அதைத் தொடாது. வாடகை வீட்டுக்கும் வேலைக்கும் அனுப்பிய அடையாள அட்டைப் படம் அதில் இருந்தால், அந்த 12 இலக்கமே நிறையப் பேசும்: முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடம் (பினாங்கு 07, சிலாங்கூர் 10, கோலாலம்பூர் 14), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். கார்டை விற்காதீர்கள், கிடைக்கும் காசுக்கு அந்த ஆபத்து தகாது.

பிறகு கணக்குகள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் உள்ளே கூகுள் கணக்கை நீக்குங்கள், சாம்சங் என்றால் சாம்சங் கணக்கையும். ஐபோனில் 'ஃபைண்ட் மை' அணைக்கப்படவேண்டும், ஆப்பிள் கடவுச்சொல் கேட்கும். இது உங்கள் தகவலுக்காக மட்டும் அல்ல, வாங்குபவருக்காகவும். திருட்டைத் தடுக்க ஐபோனில் 2013 முதலும் ஆண்ட்ராய்டில் 5.1 முதலும் ஒரு பூட்டு உண்டு. கணக்கை நீக்காமல், ஒலி பொத்தானையும் பவர் பொத்தானையும் அழுத்தி ரிக்கவரி வழியாக ரீசெட் செய்தால், வாங்கியவர் உங்கள் பழைய மின்னஞ்சலைக் கேட்கும் திரையின் முன் உட்கார்ந்திருப்பார். பிறகு உங்களைத் தேடி வருவார்.

கடைசியில் ரீசெட், மின்னூட்டியில் செருகியபடி. ஐபோனில்: செட்டிங்ஸ், ஜெனரல், 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்', 'எரேஸ் ஆல் காண்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்'. சாம்சங்கில்: 'ஜெனரல் மேனேஜ்மென்ட்', ரீசெட், 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்'. மற்றவற்றில் பெரும்பாலும் 'சிஸ்டம்' என்பதற்குள். 'ரீசெட் ஆல் செட்டிங்ஸ்' என்று பக்கத்திலேயே ஒன்று இருக்கும், அது வேறு. அது அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும், படங்கள் அப்படியே இருக்கும். ரீசெட்டுக்குப் பிறகு வரவேற்புத் திரை வரவேண்டும், பழைய கணக்கைக் கேட்கக் கூடாது. அந்த நிலையில் அணைத்துக் கொடுங்கள். கடையில் 'சும்மா ஒருதரம் லாகின் பண்ணிக் காட்டுங்க' என்றால் மறுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கூகுள், டெலிகிராம் இரண்டிலும் இணைந்த கருவிகள் பட்டியலில் பழையதை வெளியேற்றுங்கள்.

அலமாரியில் ஆண்ட்ராய்டு 5 அல்லது அதற்கு முந்தையது கிடந்தால் வேலை கூடுதல். செக்யூரிட்டி பகுதியில் பெரும்பாலும் 'என்கிரிப்ட் ஃபோன்' இருக்கும். 80 விழுக்காடு மின்னூட்டத்தோடு, மின்னூட்டியைக் கழற்றாமல் ஓட விடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நடுவில் நின்றால் எல்லாம் போய்விடும் என்பதால் காப்புப்பிரதி முன்பே வேண்டும். முடிந்ததும் ரீசெட். பரணில் மிச்சமிருக்கும் பழைய ஓலைகளை நசுக்க, எந்தக் கணக்கும் போடாமல் திறந்து, விமானப் பயன்முறையில் வைத்து, சுழலும் மின்விசிறியைச் சேமிப்பு நிரம்பும்வரை காணொளி எடுங்கள். முழு எச்டியில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி, 10 ஜிபிக்கு ஏறக்குறைய 80 நிமிடம். பிறகு மறுபடி ரீசெட். துளிக்கூட மிச்சமிருக்காது என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைப்பேசிக்குக் கிடைக்கப்போகும் ரிங்கிட்டுக்காக அதற்குமேல் தோண்ட யாருக்கும் பொறுமை இருக்காது.

திரை உடைந்தது என்றால், மின்னூட்டும் துளையில் சிறு இணைப்பி வழியாகக் கணினிச் சுட்டியை (மவுஸ்) செருகிப் பாருங்கள், தொடுதல் மட்டும் செத்திருந்தால் பல ஆண்ட்ராய்டுகளில் அம்புக்குறி வரும். திரையே இருண்டிருந்தாலும் கைப்பேசி இணையத்தில் இருந்தால், தொலைந்த கருவியைத் தேடும் கூகுள் அல்லது ஆப்பிள் சேவையிலிருந்து தொலைவிலேயே அழிக்கலாம். அழித்தது உறுதியானபின்தான் கணக்கிலிருந்து கருவியை நீக்குங்கள். வரிசை மாறினால் அழிக்கும் உத்தரவு போய்ச் சேராது.

எதற்கும் அசையாத கைப்பேசியை விற்கவேண்டாம். அண்ணனின் சுத்தியலும் வேண்டாம். சேமிப்புச் சிப் நகத்தளவு, உலோகக் கவசத்துக்கு அடியில் இருக்கும். அதைவிடப் பல மடங்கு பெரிய மின்கலம்தான் சுத்தியல் அடிக்கு முதலில் சிக்கும். வளைந்த லித்தியம் மின்கலத்துக்குள் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் புகை வர சில நொடிதான், கையில் இருப்பது சுத்தியல் மட்டும். மின்கலத்தைக் கழற்றத் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழற்றிவிட்டு, பலகையை மட்டும் உடைத்து, இரண்டையும் மின்கழிவுச் சேகரிப்பில் தனித்தனியாகப் போடுங்கள்.