85 சதவீதமா, 100 சதவீதமா? ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனருக்கான மெடிகேர், மெடிகெய்ட் பில்லிங்

அமெரிக்காவில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் நோயைக் கண்டறிவார், பரிசோதனைக்கு எழுதுவார், மருந்தும் எழுதித் தருவார். டாக்டர் மேற்பார்வை எவ்வளவு வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் மெடிகேருக்கு, அதாவது பெரும்பாலும் 65 வயது கடந்தவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கு, தன் பெயரில் பில் போடும் உரிமை நாடு முழுக்க உண்டு. 1997-ல் வந்த பட்ஜெட் சட்டத்தால் 1998 ஜனவரி 1 முதல் எந்த வகை இடத்தில் நோயாளியைப் பார்த்தாலும் இது பொருந்தும். தொகை மட்டும் டாக்டருக்கான கட்டணத்தில் 85 சதவீதம்.

கணக்கு இப்படி வரும். டாக்டருக்கான மெடிகேர் கட்டணம் 100 டாலர் என்றால் உங்களுக்கு அனுமதிக்கும் தொகை 85. நோயாளி அந்த வருட டிடக்டிபிளை (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் அவரே கட்ட வேண்டிய தொகை) கட்டி முடித்திருந்தால் மெடிகேர் பங்கு 68, நோயாளி பங்கு 17. அந்த 68-லும் செக்வெஸ்ட்ரேஷன் (மத்திய அரசின் செலவுக் குறைப்பு) என்று 2 சதவீதம் பிடித்துக்கொண்டு 66.64 அனுப்புவார்கள். நோயாளியிடம் 17-க்கு மேல் ஒரு சென்ட்கூட வாங்கக் கூடாது. கிளெய்மில், அதாவது மெடிகேருக்கு அனுப்பும் பில்லில், கிளினிக்கின் வழக்கமான கட்டணத்தையே போடுங்கள். 85-க்குக் குறைப்பதை மெடிகேரே செய்துகொள்ளும்.

சிக்கல் ஆரம்பிப்பது மீதி 15 சதவீதத்தில். 'இன்சிடென்ட் டு' என்ற விதிப்படி, நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்த விசிட்டை டாக்டரின் என்பிஐ எண்ணில் (மருத்துவச் சேவை தருபவருக்கான தேசிய அடையாள எண்) போட்டால் முழு 100 சதவீதம் கிடைக்கும். அதற்கு முதல் விசிட்டை டாக்டர் பார்த்து சிகிச்சைத் திட்டம் வகுத்திருக்க வேண்டும். பின்னரும் அவர் அவ்வப்போது நோயாளியைக் கவனித்து வர வேண்டும். நீங்கள் பார்க்கும் நேரத்தில் மேற்பார்வை டாக்டர் ஒருவர் கிளினிக்கில் இருக்க வேண்டும். 2020 முதல் நேரலை வீடியோ வழி மேற்பார்வைக்கும் மெடிகேர் இடம் தந்திருக்கிறது. போனில் குரல் மட்டும் கிடைப்பது போதாது.

68 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் டாக்டர் பார்த்து ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்குகிறார். ஜூனில் அதே விஷயத்துக்காக உங்களிடம் வருகிறார், டாக்டர் பக்கத்து அறையில் இருக்கிறார். இது 100 சதவீத பில். பேச்சுவாக்கில் "ரெண்டு வாரமா முழங்கால் வலிக்குதும்மா" என்கிறார், நீங்கள் பரிசோதித்து எக்ஸ்ரே எழுதுகிறீர்கள். புதுப் பிரச்சினை வந்துவிட்டது, ஆகவே அந்த விசிட் உங்கள் என்பிஐ-யில், 85-ல் போக வேண்டும். திட்டம் வகுத்த டாக்டர் லீவில் இருந்து குழுவின் வேறு டாக்டர் அன்று இருந்தால், பில் அன்று மேற்பார்வையில் இருந்தவர் பெயரில்தான் போக வேண்டும். யார் இருந்தார் என்பதை சார்ட்டிலும் எழுதிவையுங்கள். புது நோயாளிக்கு இந்த வழியே கிடையாது. ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

நிபந்தனை பொருந்தாமல் 100 வாங்கினால் அது அதிகப்படியாகப் பெற்ற பணம். தெரிந்த 60 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தெரிந்தே போட்டிருந்தால் பொய் கிளெய்ம் சட்டத்தின் கீழ் மூன்று மடங்கு இழப்பீடும் அபராதமும் வரலாம். சந்தேகம் வந்தால் 85-லேயே போடுங்கள். 15 டாலருக்காக லைசென்ஸைப் பணயம் வைக்க வேண்டாம்.

இந்தத் தவறு அதிகம் நடப்பது, புதிதாகச் சேர்ந்தவரின் மெடிகேர் பதிவு முடிவதற்குள். "அதுவரைக்கும் டாக்டர் பேர்ல போட்டுக்கலாம்" என்று ஆபீஸில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் இலவசமாக என்பிஐ எடுத்து, மெடிகேரின் இணையப் பதிவுத் தளமான பெக்காஸில் சிஎம்எஸ்-855ஐ என்ற பதிவு விண்ணப்பத்தை உடனே அனுப்புங்கள். பிற்பாடு ஏற்கப்படும் அந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள், நீங்கள் வேலை தொடங்கிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவே உங்கள் தொடக்க நாள். அதற்கு முந்தைய விசிட்களுக்கு பொதுவாக 30 நாள் வரைதான் பில் போடலாம். அதற்கும் பின்னால் போனால் பணம் வராது. நம்மவர்கள் பெயரையும் பார்க்க வேண்டும். அப்பா பெயர் லைசென்ஸில் இனிஷியலாகவும் சோஷியல் செக்யூரிட்டியில் கடைசிப் பெயராகவும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

விசிட் கோடுகள் டாக்டருக்கு உள்ளவையேதான். பழைய நோயாளிக்கு 99213 என்றால் அன்று குறைந்தது 20 நிமிடம், 99214 என்றால் 30 நிமிடம். அல்லது எடுத்த முடிவின் சிக்கலை வைத்துத் தேர்வு செய்யலாம். சிஎம்எஸ்-1500 என்ற கிளெய்ம் படிவத்தில் 24ஜே கட்டத்தில் உங்கள் என்பிஐ, 33-ல் குழுவினுடையது. விசிட் நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கிளெய்ம் போய்ச் சேர வேண்டும். மெடிகேர் அனுப்பும் பதில் தாளில் எம்ஏ130 (கிளெய்ம் முழுமையாக இல்லை என்ற குறியீடு) என்றிருந்தால் அப்பீல் செய்ய முடியாது; விடுபட்டதைத் திருத்திப் புதிதாக அனுப்ப வேண்டும். உண்மையான மறுப்பு என்றால் 120 நாளுக்குள் அப்பீல். நோயாளி மெடிகேரின் சிவப்பு-வெள்ளை-நீல அட்டையைக் காட்டினாலும், தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருக்கலாம், அப்போது பில் அந்தக் கம்பெனிக்குப் போக வேண்டும். அட்டையை மட்டும் நம்பாமல் தகுதியைச் சரிபாருங்கள்.

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் காப்பீடான மெடிகெய்ட்டில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் சேவை மாநிலங்கள் கட்டாயம் தர வேண்டிய ஒன்று. 1990 ஜூலையிலிருந்து மத்திய சட்டமே அப்படிச் சொல்கிறது. மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வேலையாக இருந்தால் போதும், டாக்டரோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று மத்திய சட்டம் கேட்பதில்லை. கட்டணம் மாநிலத்தின் கையில்: சில இடங்களில் டாக்டருக்குச் சமம், சில இடங்களில் குறைவு. மாநில மெடிகெய்ட்டிலும், அதற்காகக் காப்பீட்டை நடத்தும் மேனேஜ்டு கேர் கம்பெனிகளிலும் தனித்தனியே பதிய வேண்டும். மெடிகேரில் தாங்கள் கட்ட வேண்டிய பங்குக்கு மெடிகெய்ட் கைகொடுக்கும் குறைந்த வருமான நோயாளிகளிடம் (கியூஎம்பி என்பார்கள்) முன் சொன்ன கணக்கின் 17 டாலரைக் கேட்பதே சட்டவிரோதம். முன்பணமாகக்கூட வாங்கக் கூடாது.

கிராமப்புற ஹெல்த் கிளினிக்காகச் சான்று பெற்ற இடத்தில் வேலை என்றால் இந்த 85 கணக்கு பொருந்தாது. அங்கே மெடிகேர் ஒரு விசிட்டுக்கு ஒட்டுமொத்தக் கட்டணம் தருகிறது. டாக்டர் பார்த்தாலும் நீங்கள் பார்த்தாலும் அதே தொகைதான்.