டோக்கன வாசிச்சா காணுமா, கையெழுத்த ஆரு பாக்கிற?

சம்மாந்துறைப் பக்கம் நெல்லு ஆலை வச்சிரிக்கிற ஒரு ஆளுக்கு கணக்கு ஆப் ஒண்டு செஞ்சு குடுத்தன். மூணு கிளை, ஒவ்வொரு கிளைக்காரனுக்கும் தன்ட கணக்கு மட்டும்தான் தெரியணும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். லொகின் பண்ணினா ஜேடபிள்யூடி (JWT) டோக்கன் ஒண்டு கிடைக்கும், உள்ள வாறது ஆரு எண்டு காட்டுற துண்டு மாதிரி, அதுக்குள்ள கிளை நம்பர் இரிக்கும், டேட்டாபேஸ்ல உள்ள ஃபங்ஷன் அந்த நம்பர எடுத்து அந்தக் கிளைட வரிகள மட்டும் குடுக்கும். நல்லாத்தான் ஓடிச்சு. கல்முனையில இருந்து டெஸ்ட் பண்ணித் தந்த தம்பி ரெண்டாம் நாள் கோல் எடுத்தான்.

"அண்ணன், நான் மூணாம் கிளை ஆள்தானே, எனக்கு ஏன் ஒண்டாம் கிளைட காசுக் கணக்கு தெரியுது?"

"என்னடா செஞ்ச நீ?"

"பெரிசா ஒண்டும் இல்ல, டோக்கன்ட நடுத்துண்ட டிகோட் பண்ணி, கிளை நம்பர் 3 எண்டத 1 எண்டு மாத்தி அனுப்பினன், அவ்வளவுதான்."

டோக்கன்ல மூணு துண்டு இரிக்கு, நடுவால ரெண்டு புள்ளி. முதல் ரெண்டும் வெறும் பேஸ்64 எழுத்து, பூட்டு இல்ல, ஆரும் திறந்து வாசிக்கலாம், மாத்தியும் எழுதலாம். மூணாவதுதான் கையெழுத்து, மத்த ரெண்டையும் ஆரும் மாத்தல்ல எண்டதுக்குச் சாட்சி. என்ட ஃபங்ஷன் அதத் தொட்டே பாக்கல்ல. ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவால நிக்கிற ஏபிஐ பாக்கும்தானே எண்டு நான் நினைச்சன், ஏபிஐ எழுதினவர் டேட்டாபேஸ் பாக்கும் எண்டு நினைச்சிரிக்கார். நெல்லு நிறுத்த துண்டுல 40 மூட்ட எண்டு எழுதிக் கிடந்தா, சீலப் பாக்காம கெஷியர் காசு எண்ணுவாரா? நான் எண்ணிக் குடுத்திரிக்கன்.

மறுகா டேட்டாபேஸுக்கு உள்ளுக்கயே பாக்க வச்சன். பிஜிகிரிப்டோ எண்ட போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனப் போட்டா எச்மாக் (HMAC) ஃபங்ஷன் வரும், முதல் ரெண்டு துண்டையும் புள்ளியோட சேத்து ரகசியச் சாவியோட குடுத்தா கையெழுத்து வரும், வந்தத மூணாவது துண்டோட ஒப்பிடுற. ஆனா போஸ்ட்கிரெஸ் குடுக்கிறது சாதா பேஸ்64, டோக்கன்ல இரிக்கிறது யூஆர்எல்லுக்கு ஏத்த மாதிரி மாத்தினது, கூட்டல் குறி கோடாகும், சரிவுக் கோடு அடிக்கோடாகும், கடைசிச் சமன் குறி இரிக்கவே இரிக்காது. மாத்தாம ஒப்பிட்டா நல்ல டோக்கனும் கள்ள டோக்கனாத்தான் தெரியும். இதெல்லாம் சரியாக்கி எச்எஸ்256 எண்ட கையெழுத்து முறையில ஓடினது, கையெழுத்து இன்னும் நீளமா வாற எச்எஸ்512க்கு மாத்தின உடன ஒரு டோக்கனும் பாஸாகல்ல. ஒரு ராவு முழுக்க முழிச்சிரிந்து கண்டுபிடிச்சன், 76 எழுத்துக்கு ஒருக்கா போஸ்ட்கிரெஸ் புது வரி போட்டிருது, 256ல 44 எழுத்துத்தான் வாற படியா அந்தப் பிரச்சினை வராம இரிந்திரிக்கு.

எந்த முறையில கையெழுத்து எண்டத டோக்கன்ட தலைப்புத் துண்டக் கேட்டு நம்பவே கூடா. அதுல ‘நன்’ (none, ஒண்டும் இல்ல) எண்டு எழுதினா கையெழுத்தே இல்லாம ஏத்துக்கொண்ட லைப்ரரிகள் இரிந்தது 2015ல வெளியில வந்திச்சு. முறைய நாமதான் ஃபங்ஷனுக்குள்ள எழுதி வைக்கணும். கையெழுத்துப் போட ஒரு சாவி, செக் பண்ண வேற சாவி எண்டு வாற ஆர்எஸ்256 முறை எண்டா பிஜிகிரிப்டோவால ஏலா, வேற எக்ஸ்டென்ஷன் வேணும், இல்லாட்டி வெளியில செக் பண்ணிட்டு உள்ள அனுப்பணும்.

டோக்கன வெளியில செக் பண்ணி, கிளை நம்பர டேட்டாபேஸ் செட்டிங் ஒண்டுல போட்டு அனுப்புற வழிதான் கனபேர் செய்யிறது, பிழை இல்ல. ஆனா டேட்டாபேஸுக்கு நேர கனெக்ட் பண்ண ஏலுமான ஆரும் அந்த செட்டிங்க தானே செட் பண்ணலாம், ரிப்போர்ட் எடுக்க ஒரு எக்செல் கனெக்ஷன் குடுத்தாலே காணும், ஆருக்கு எந்த வரி தெரியணும் எண்டு சொல்ற உங்கட ரோ லெவல் பொலிசி எல்லாம் அந்த ஆள்ட நேர்மையிலதான் நிக்கும்.

டோக்கன்ட காலாவதிய 1970ல இருந்து எண்ணுற செக்கண்ட்லதான் எழுதணும், பத்து இலக்கம். ஜாவாஸ்கிரிப்ட்டால மில்லிசெக்கண்ட அப்பிடியே போட்டா 13 இலக்கம் வரும், அந்த டோக்கன் ஆயிரக்கணக்கான வருசத்துக்குச் சாகா. எங்கட ஆப்லயும் ஒரு டோக்கன் அப்பிடிக் கிடந்திச்சு, அத ஆர் போட்டது எண்டு நான் கேக்கல்ல, ஏனெண்டா நான்தான்.

ரகசியச் சாவிய டேபிள்ல வச்சன், அத வாசிக்க வேற ஆருக்கும் உரிமை குடுக்கல்ல, ஃபங்ஷன் மட்டும் வாசிக்கும். எல்லாம் சரி எண்டு இரிக்கக்குள்ள பாத்தா, டேட்டாபேஸ முழுசா நகல் எடுத்த பேக்கப் டம்ப் ஒண்ட முதலாளிட மகன் பென்ட்ரைவ்ல வச்சித் திரியிறான், டேபிள்ல உள்ள சாவியும் அதுக்குள்ளதானே இரிக்கு. அண்டைக்கு ராவே சாவிய மாத்தினன். பழைய டோக்கன் ஒண்டும் செல்லாமப் போய் எல்லார்ட லொகினும் வெட்டுப்பட்டு, விடியக்காலையில லொறி வரிசையில நிக்கக்குள்ள மூணு கிளையில இருந்தும் ஒரே நேரத்தில கோல்.