வென்டிலேட்டருக்குப் பிந்தைய ஆறு மாதங்கள்

தென்னாப்பிரிக்க நகரமான டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ மெரேபாங்கிலோ ஒரு தமிழ்க் குடும்பத்துத் தாத்தா, நுரையீரல் புற்றுநோயுடன் மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும்போது, வெளியே காத்திருப்போர் மருத்துவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பிழைப்பாரா? அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. அப்பிரிவைவிட்டு வெளிவருவாரா, வீடு திரும்புவாரா, திரும்பியபின் எவ்வளவு காலம் இருப்பார்?

அமெரிக்காவில் 1992 முதல் 2005 வரை, நுரையீரல் அறுவைக்காக அன்றி வேறு காரணங்களால் தீவிர சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 49,000 முதிய நுரையீரல் புற்றுநோயாளிகளின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 100 பேரில் 76 பேர் மருத்துவமனையிலிருந்து உயிருடன் வெளியேறியதும், அதன்பின் 6 மாதங்கள் கடந்தபோது 35 பேரே எஞ்சியிருந்ததும் தெரியவந்தது. வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்டோரின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. இன்றைய மருந்துகள் பல வருவதற்கு முந்தைய கணக்கு இது என்றாலும், முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் இடையிலுள்ள பள்ளம்தான் கவனிக்கத்தக்கது.

அப்பள்ளத்திற்குப் புற்றுநோய் மட்டும் காரணமன்று. படுக்கையும் ஒரு காரணம். வென்டிலேட்டர் மூச்சுவிடும் வேலையை ஏற்றுக்கொண்டதும், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் சில நாட்களிலேயே மெலியத் தொடங்குகிறது. கடும் நோயாளிகளின் தொடைத்தசையை அளந்த ஓர் ஆய்வில், முதல் 10 நாட்களில் அதன் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்திருந்தது. நாளின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழிப்பவருக்குக் கீமோ கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். உடல் அதைத் தாங்காது. ஆகவே நிமோனியாவிலிருந்து மீண்டவர், அந்த மீட்சியின் விலையாகவே புற்றுநோய்க்கான மருந்தை இழக்க நேரிடுகிறது. நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது என்று மட்டும் உறவினர்கள் விசாரிக்கிறார்கள். அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய வாரம் அவர் தானே நடந்து குளியலறைக்குச் சென்றாரா என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பேன்.

எதற்காக உள்ளே போனார் என்பது அடுத்தது. அறுவைக்குப் பின் கண்காணிப்புக்காக வைக்கப்பட்டவருக்கு மேற்கண்ட எண்கள் பொருந்தா. கிருமித்தொற்று என்றால் அதற்கு மருந்துண்டு. கட்டியே மூச்சுக்குழாயை அடைத்திருந்தால், சிலருக்கு உள்ளே குழாய் பொருத்தி வழி திறக்கலாம். இரு நுரையீரல்களிலும் புற்றே பரவி மூச்சு நின்றால் கருவி வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. ஆனால் கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்து, அதற்கான மாத்திரையை மூக்குக் குழாய் வழியே செலுத்தியபின், கருவியிலிருந்து விடுபட்ட நோயாளிகளும் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் இதனுடன் காசநோயும் சேர்கிறது. நீடித்த இருமல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுவானவை. இங்கே முதலில் காசநோயையே சந்தேகிப்பதால், புற்று தாமதமாகத் தெரியவருவதுண்டு. பழைய காசநோயின் தழும்புகள் ஏற்கெனவே நுரையீரலின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்திருந்தால், சாதாரண நிமோனியாவும் அவரைக் கருவிவரை கொண்டுசெல்லும்.

இவ்வளவையும் முதல் நாளிலேயே கணிக்க இயலாததால், பல பிரிவுகளில் சில நாட்களுக்கு முழுச் சிகிச்சையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். சிறுநீரகம், இரத்த அழுத்தம் என ஒவ்வோர் உறுப்பும் தேறுகிறதா, ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்கிறதா என்பதைக் கவனித்தபின், குடும்பத்தாரை மீண்டும் அமரவைத்துப் பேசுகிறார்கள்.