நயப்புரை: சொல் விளக்கம்

புதிய குறுநாடகம் ஒன்று முதல் தடவையாக மேடையேறி முடிகிறது. பார்வையாளர்களோடு உட்கார்ந்து பார்த்த இன்னொரு நாடக ஆசிரியரை மேலே அழைத்து, "நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்கிறார்கள். அவர் சொல்லப்போவதற்கு என்ன பெயர் வைப்பது? விமர்சனம் என்று போட்டால், எழுதியவருக்கு அடிவயிற்றில் கொஞ்சம் கலக்கம் வருகிறது. வாழ்த்துரை என்று போட்டால், பேசுபவர் நாடகத்தைப் பார்க்காமலே வந்து பேசிவிட்டுப் போகலாம். இரண்டுக்கும் நடுவே, இந்த இடத்துக்கென்றே அமைந்த சொல் ஒன்று தமிழில் புழக்கத்தில் இருக்கிறது. அதுதான் நயப்புரை.

இலங்கைத் தமிழரின் நூல் வெளியீட்டு அழைப்பிதழ்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிய சொல் அல்ல. வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரல் போகும். தமிழ்நாட்டில் அதே இடத்தில் மதிப்புரை, கருத்துரை, வாழ்த்துரை என்று வேறு வேறு பெயர்கள் வருகின்றன. நயப்புரை நூலோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். புத்தகத்தை விடவும் நாடகத்துக்கு, அதிலும் குறுநாடகத்துக்கு, அது நன்றாகப் பொருந்துகிறது.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வழி தெளிவாகிவிடும். 'நய' என்பது வினையடி. நட, நடந்தான், நடப்பான், நடப்பு என்பதைப் போல நய, நயந்தான், நயப்பான், நயப்பு. நயத்தல் என்றால் விரும்புதல், மனம் ஒன்றி மகிழ்தல். திருக்குறளின் பசப்புறு பருவரல் அதிகாரத்தில் தலைவி தன் காதலனை 'நயந்தவர்' என்கிறாள். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் 'நயப்பித்தார்' என்கிறாள், அதாவது என்னை விரும்ப வைத்தவர். எனவே நயப்புரை என்பது நயந்தவர் சொல்லும் உரை. ஒரு நாடகம் நம்மை நயப்பித்திருந்தால், எதைக் கொண்டு நயப்பித்தது என்று எடுத்துச் சொல்வது.

நயம் என்ற பெயர்ச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நீதி என்ற பொருளில் வரும் நயத்தை வடமொழி வழி வந்ததாகத் தனியே காட்டுவார்கள், அதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்முடைய நயம் இனிமை, மேன்மை, விருப்பம் என்று விரிகிறது. நல்ல தரமான பொருளை நயம் சரக்கு என்று வியாபாரிகள் சொல்வதும் இந்த வழியில்தான். அதே சொல் நயவஞ்சகத்திலும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நயமாகப் பேசுவது வேறு, நயந்து பேசுவது வேறு. முன்னது குரலைப் பற்றியது, பின்னது மனத்தைப் பற்றியது. நயப்புரை பின்னதைச் சேர்ந்தது.

வள்ளுவர் 783ஆம் குறளில் நூல்நயத்தையும் நட்பையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: "நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு." படிக்கப் படிக்க நூல் நயம் தருவதைப் போல, பழகப் பழக நல்லவர் உறவு இனிக்கும். ஒரு நாடகக்காரர் இன்னொரு நாடகக்காரரின் படைப்பைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டும் ஒன்றாக வந்துவிடுகின்றன. படைப்பின் நயமும் வேண்டும், உறவின் பண்பும் வேண்டும். இதைவிடப் பொருத்தமான மேற்கோள் எனக்குத் தெரியவில்லை.

இனி, அதே இடத்துக்குப் போட்டியிடும் மற்றச் சொற்கள். விமர்சனம் வடசொல். அதன் வேருக்குத் தொட்டுப் பார்த்தல், தடவி அறிதல், ஆராய்தல் என்று பொருள். வடமொழி நாடக இலக்கணத்தில் கதை வளர்ச்சியின் ஐந்து சந்திகளில், அதாவது கட்டங்களில், நான்காவதற்கே விமர்சம் என்றுதான் பெயர். அவ்வளவு மென்மையாகப் பிறந்த சொல் இன்றைய செய்தித் தமிழில் கண்டனம் என்ற அளவுக்கு இறுகிப்போய்விட்டது. "அரசை விமர்சித்தார்" என்று படித்தால் யாரும் ஆராய்ந்தார் என்று எடுத்துக்கொள்வதில்லை. திறனாய்வு நல்ல தமிழ்ச்சொல், ஆனால் அது எட்ட நின்று எடை போடும் ஆய்வாளரின் வேலை. நேற்று மேடையேறிய நாடகத்துக்கு அந்த எட்டம் இன்னும் கிடைக்கவில்லை.

பாராட்டு என்ற சொல்லில் வேறொரு சிக்கல். அதற்குத் தனக்கென்று ஒரு திசை கிடையாது. பகை பாராட்டலாம், உரிமை பாராட்டலாம், பண்பு பாராட்டலாம். பெரிதாக எடுத்துக்கொள்ளுதல் என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது. எதைப் பாராட்டுகிறோம் என்று முன்னால் ஒரு சொல் நின்றால்தான் அது முழுமையாகும். பள்ளியில் தமிழாசிரியர்கள் 'நயம் பாராட்டல்' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார்களே, அது சரியான தொடர். ஆனால் மோனை, எதுகை, அணி என்று பட்டியல் போட்டு மதிப்பெண் வாங்கும் பயிற்சியாகவே பலர் மனத்தில் அது தங்கிவிட்டது. நாடகத்துக்குக் கொண்டுவரும்போது நயப்புரை என்ற சொல் அந்தப் பழைய சுமை இல்லாமல் வருகிறது.

சரி, சக படைப்பாளிதான் பேச வேண்டுமா? தமிழ் மரபு இதற்கு வெளிப்படையாகவே பதில் சொல்லியிருக்கிறது. நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலை அறிமுகப்படுத்தும் முன்னுரை, சொல்லத் தகுதியானவர் யார் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வரிசைப்படுத்துகிறார்: "தன்னா சிரியன் தன்னொடு கற்றோன் தன்மா ணாக்கன் தகுமுரை காரன்." ஆசிரியருக்கு அடுத்தபடியாகவே 'தன்னொடு கற்றோன்' வந்துவிடுகிறார். கூடப் படித்தவர், கூடவே அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டவர். இவர்கள் பாயிரம் சொல்வது 'கடன்' என்றும் நூற்பா முடிகிறது. விருப்பம் இருந்தால் சொல்லலாம் என்று விடவில்லை. அடுத்த நூற்பாவில் காரணமும் கிடைத்துவிடுகிறது: "தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி யன்றே." இதுவரை இல்லாத ஒன்றைப் படைத்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது. அப்படியானால் வேறு யாராவது வாயைத் திறந்தாக வேண்டும். அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர் திறப்பது நல்லது.

தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பது மரபுவழிச் செய்தி. அந்தப் பாயிரத்தில் வெறும் புகழ்ச்சி மட்டும் இல்லை. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் நூல் அரங்கேறியது என்ற தகவலும் அதனால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் சொல்ல வேண்டியவை என்று ஆக்கியோன் பெயர் முதல் பயன் வரை 8 செய்திகளைச் சொல்லிவிட்டு, காலம், களம், காரணம் என்று மூன்றைச் சேர்த்து 11 ஆக்குவோரும் உண்டு என்கிறது. எந்தக் காலத்தில், எந்த அவையில், எதற்காக என்ற இந்த மூன்றும் மேடை நாடகத்துக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. நாடகம் அந்த இரவோடு கலைந்துவிடும். அன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், எந்த இடத்தில் அவை சிரித்தது, எந்த இடத்தில் இருமல் சத்தம்கூட அடங்கியது என்பதை நயப்புரை பதிவு செய்யாவிட்டால் வேறெங்கும் அது இருக்காது. நல்ல நயப்புரையில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

குறுநாடகத்தை நயக்க ஒரு பழைய அளவுகோலும் நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நாடகச் சந்திகள் ஐந்தையும் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று சொல்லி, உழவை வைத்தே விளக்குகிறார். உழுத மண்ணில் இட்ட வித்து முளைப்பது முகம். இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம். பொருள் பொதிந்து கருமுற்றி நிற்பது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்து, தூற்றி, கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். மூன்று மணி நேர நாடகத்துக்கு இந்த ஐந்தையும் மேடையிலேயே நடத்திக் காட்ட நேரம் உண்டு. பத்துப் பதினைந்து நிமிட நாடகத்துக்கு அது முடியாது. திரை விலகும்போதே பயிர் கருக்கட்டியிருக்க வேண்டும். விதைத்ததும் முளைத்ததும் திரைக்குப் பின்னால் முடிந்துபோன கதை. ஒரு குறுநாடகம் எந்தச் சந்தியில் தொடங்குகிறது, முன்னால் நடந்ததை எந்த வசனத்தில் நழுவ விடுகிறது, துய்த்தலை மேடையில் வைக்கிறதா, பார்வையாளரிடம் விட்டுவிடுகிறதா? கூட எழுதுபவரின் கண் தானாகப் போகும் இடங்கள் இவை.

ஒரு நாடகத்தை நாமே கற்பனை செய்துகொள்வோம். அண்ணனும் தங்கையும் இறந்துபோன தகப்பனாரின் மேசையைக் காலி செய்கிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் தங்கை காகிதங்களைக் கட்டிக்கொண்டே, "அப்பா ஒரு பில்லைக்கூடப் பாக்கி வச்சதில்லை" என்கிறாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் மேசை யாருக்கு என்று கொஞ்சம் இழுபறி. கடைசி இழுப்பறையில் அண்ணனுக்கு ஒரு கடிதம் கிடைக்கிறது. திரும்பி நின்று படிக்கிறான், சட்டைப்பைக்குள் வைக்கிறான். "என்ன அது?" "கரண்ட் பில்." தங்கையின் கை காகிதக் கட்டை முடிச்சுப் போடாமல் அப்படியே நிற்கிறது. "சரி" என்கிறாள். விளக்கு அணைகிறது.

இதைப் பார்த்துவிட்டு "அருமை, கண் கலங்கிவிட்டது" என்றால் அது பாராட்டு. "தகப்பனாரின் பாத்திரம் போதுமான அளவு விளக்கப்படவில்லை" என்றால் அது விமர்சனம். நயப்புரை இப்படிப் போகும்: "இரண்டாவது நிமிடத்தில் தங்கை சொன்னதை நாம் மறந்திருந்தோம். 'கரண்ட் பில்' என்றதும் அது திரும்பி வந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவள் கேட்காமல் விட்டதில்தான் நாடகம் இருக்கிறது. கடிதத்தில் என்ன இருந்தது என்று ஆசிரியர் சொல்லாதது சரியான முடிவு." எழுதியவருக்கு இதில் இரண்டு பயன். தான் வைத்த வித்து போய்ச் சேர்ந்தது என்று தெரிகிறது. எந்த வரியை அடுத்த ஒத்திகையில் யாரும் வெட்டிவிடாமல் காப்பாற்ற வேண்டும் என்றும் தெரிகிறது.

குறையைச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். நயந்தவர்தான் உரிமையோடு கேட்க முடியும். "அவன் கடிதம் படிக்கும்போது பின்னணி இசை எதற்கு? அந்த நடிகரின் முதுகே போதுமே" என்று கேட்பதும் நயப்புரையில் அடக்கம். அந்தக் கேள்வி நாடகம் எங்கே போக நினைக்கிறதோ அங்கே போக உதவுகிறது. "இதை நான் எழுதியிருந்தால்" என்று தொடங்கும் பேச்சு மட்டும் நயப்புரைக்குள் வராது. அது வேறொரு நாடகத்தைப் பற்றிய பேச்சு.

குறுநாடகம் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் ஓரங்க நாடகம் என்பதோடு அது அடிக்கடி கலந்துவிடுகிறது. அங்கம் என்று நாம் எழுதும் ஒரே வடிவத்தில் இரண்டு வடசொற்கள் இருக்கின்றன. ஒன்று உடலுறுப்பு. மற்றது மடி, குறி, எண் என்றும், நாடகத்தின் பெரும்பிரிவு என்றும் பொருள்படுவது. வடமொழியில் ககரத்தின் ஒலி வேறுபட்டு இரண்டும் தனித்தனியே நிற்கும், தமிழ் எழுத்தில் அது தெரியாது. ஓரங்கம் என்பதில் இருப்பது இரண்டாவது. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் 5 அங்கமும் 20 களமுமாக அமைந்தது. அங்கம் பெரிய பிரிவு, களம் அதனுள் வரும் காட்சி. ஆக ஓரங்க நாடகம் என்பது கட்டமைப்பைச் சொல்லும் பெயர், குறுநாடகம் நீளத்தைச் சொல்லும் பெயர். ஓரங்க நாடகம் ஒரு மணி நேரம்கூட ஓடலாம். பத்து நிமிடக் குறுநாடகம் மூன்று காட்சிகளில் முப்பது ஆண்டுகளைத் தாண்டலாம். குறுமையோடு படம் சேர்ந்தால் குறும்படம், தொகை சேர்ந்தால் குறுந்தொகை. நாடகம் மெல்லெழுத்தில் தொடங்குவதால் இடையில் எதுவும் தோன்றாமல் குறுநாடகம் என்றே நிற்கும். குறும்நாடகம் என்று எழுதுவது தவறு.

வழக்கில் கொண்டுவரும்போது நயப்புரை வழங்கினார், நயந்துரைத்தார், நயப்புரையாளர் என்று இயல்பாக நீட்டிக்கொள்ளலாம். நயப்புரையையும் அணிந்துரையையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. நாடகப் பிரதி நூலாக வரும்போது முன்னால் நிற்பது அணிந்துரை, அது பாயிரத்துக்கு நன்னூல் தரும் பெயர்களில் ஒன்று. மேடையில் பார்த்த பிறகு வருவது நயப்புரை. அதற்கு எழுதியவர் தரும் மறுமொழிக்கு ஏற்புரை என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஏல் என்ற வினையடியிலிருந்து வந்த ஏற்பு, அதாவது வாங்கிக்கொள்ளுதல். சொன்ன ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லில் இல்லை.