பீட்டா ஏபிஐ மேல் டெவலப்பர் கருவி கட்டுவதற்கு முன்

லின்டர் (கோடில் பிழை தேடுவது), பில்ட் பிளக்இன், டெப்ளாய் கருவி (மென்பொருளை சர்வரில் ஏற்றுவது) போன்ற ஒன்று பழுதானால், அதை நம்பியிருக்கும் எல்லா அணிகளின் வேலையும் ஒரே நேரத்தில் நிற்கும். பழுது, கருவி ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றை அழைக்கும் வழி) மூலம் அழைக்கும் பிளாட்பாரத்தில் இருக்கலாம். ஆனால் புகார் வருவது கருவியை எழுதியவரிடம்தான். அதனால் வசதிகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், எதை மாற்ற மாட்டோம் என்று அந்தப் பிளாட்பாரத்தைத் தருபவர்கள் எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் படியுங்கள்.

பெரும்பாலும் அது மிகக் குறைவாகவே இருக்கும். பதிப்புகளுக்கு எண் இடும் முறையான செமான்டிக் வெர்ஷனிங் விதிப்படி, 0இல் தொடங்கும் பதிப்பில் எதுவும் எப்போதும் மாறலாம். சர்வர்களில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ், தன் ஆல்பா (பீட்டாவுக்கு முந்தைய நிலை) ஏபிஐகளை முன்னறிவிப்பு இல்லாமலே நீக்கலாம். பீட்டா என்றால், கைவிடுவதாக அறிவித்த பிறகு 9 மாதம் அல்லது 3 வெளியீடுகள், இரண்டில் எது நீளமோ அதுவரை ஓடும்.

பல ஆண்டுகள் நீடிக்கும் பீட்டாதான் அதிகம் ஏமாற்றும். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே உள்ள சர்வீஸ்களுக்கு அனுப்பும் குபர்னெட்டீஸின் இன்கிரஸ் ஏபிஐ 2015 முதல் பீட்டாவில் இருந்ததால், நிலையானது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். 2020இல் 1.19 பதிப்பில் அதற்கு நிலையான வடிவம் வந்தது, 2021இல் 1.22 பழைய பீட்டாக்களை நீக்கியது. பதிப்பு எண்ணை மட்டும் திருத்தினால் போதவில்லை. சர்வீஸ் பெயரும் போர்ட்டும் வேறு அமைப்புக்குள் போயின, முகவரிப் பாதையை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் பாத்டைப் கட்டாயமானது. இந்த அமைப்புகளை எழுதும் யாமல் கோப்புகளை உருவாக்கித் தரும் கருவிகள் தங்கள் டெம்ப்ளேட்டுகளையே மாற்ற வேண்டியிருந்தது.

ஆவணத்தில் இல்லாத வழியில் நுழைவது இதைவிட மோசம். ஆப்பிளின் கோடு எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடின் பிளக்இன்கள் ஒரு காலத்தில் அதன் உள்ளேயே கோடை ஏற்றி இயங்கின. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதன் அடையாள எண்ணை பிளக்இன் கோப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. 2016இல் எக்ஸ்கோட் 8 அந்த வழியையே அடைத்தது. மாற்றாகத் தந்த சோர்ஸ் எடிட்டர் எக்ஸ்டென்ஷனால் திறந்திருக்கும் கோப்பின் உரையைத்தான் திருத்த முடிந்தது. திரையின் அமைப்பை மாற்றிய பிளக்இன்களுக்கு அதில் இடமே இல்லை.

இதையெல்லாம் மீறிக் கட்டத்தான் வேண்டும் என்றால், பிளாட்பாரத்தை அழைக்கும் கோடு முழுவதையும் ஒரே மாட்யூலில் அடக்குங்கள். அவர்களுடைய டைப்புகளும் பிழை எண்களும் அதைத் தாண்டி வெளியே வரக்கூடாது. இந்த ஒழுங்கு முதல் நாளிலிருந்தே வேண்டும். நூறு கோப்புகளில் பரவிய பிறகு அதைப் பிரித்தெடுப்பது கருவியைத் திரும்ப எழுதுவதற்குச் சமம். எஸ்டிகே (பிளாட்பாரத்தை அழைக்க அவர்கள் தரும் கோடு தொகுப்பு) பதிப்பை எண்ணோடு பூட்டி, சரியான பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலை உங்கள் கோடோடு கிட்டில் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம்மில், பூட்டாமல் ^0.2.3 என்று எழுதினால் 0.2.4 தானாக உள்ளே வரும், உங்கள் கருவியை உடைக்கும் மாற்றம் அதில் இருந்தாலும்கூட.

சிஐயில் (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) தினமும் இரவு இரண்டு ஓட்டங்கள் வேண்டும்: ஒன்று பூட்டிய பதிப்பில், இன்னொன்று அவர்களின் முன்னோட்டப் பதிப்பில். பதில் வந்ததா என்பதோடு சோதனை நிற்கக்கூடாது. பக்கங்களாகப் பிரிந்து வரும் பதில்களின் வரிசை, காலியான பட்டியலுக்கு என்ன வருகிறது, அழைப்பு வரம்பைத் தாண்டினால் எந்தப் பிழை, டோக்கன் காலாவதியானால் எந்தப் பிழை ஆகியவற்றைச் சோதியுங்கள். அறிவிக்காமல் மாறுபவை பெரும்பாலும் இவைதான். ஹெச்டிடிபி பதில்களில் 'சன்செட்' ஹெடர் வந்தால் எச்சரிக்கையாக லாக் செய்யுங்கள். சேவை நிற்கப்போகும் தேதி அதில்தான் வரும்.

கருவி தொடங்கும்போதே பிளாட்பாரத்தின் பதிப்பைச் சரிபார்த்து, சோதிக்காத பதிப்பு என்றால் தெளிவான செய்தியோடு நின்றுவிட வேண்டும். பாதி டெப்ளாய் முடிந்தபின் விழுவது பயனருக்கு அதைவிடப் பெரிய சேதம். கீழே இருப்பது பீட்டாவாக இருக்கும்வரை உங்கள் கருவிக்கும் 1.0 என்று பெயர் வைக்காதீர்கள்.