கோட்டை ஓட்டல் ஆவது எப்படி? ‘ஹெரிடேஜ்’ விதிகள் சொல்வது என்ன?

டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டரில் நீம்ரானா வருகிறது. ஊருக்குப் பின்னால் குன்றின் சரிவில், 1464இல் சௌகான் ராஜபுத்திரர்கள் தொடங்கிய கோட்டை அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது. இப்போது அது ஓட்டல். செங்குத்தான சரிவுப் பாதையும் படிக்கட்டுகளும் ஏறித்தான் அறைக்குப் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் முன்பதிவின்போதே கீழ் அடுக்கில் அறை கேட்டுவிடுங்கள்.

இப்படி ஓர் ஓட்டலைப் பார்த்ததும் பலரும் கேட்பது, “அரசாங்கக் கோட்டையை யாருக்கோ தாரைவார்த்துவிட்டார்களா?” என்பதுதான். நீம்ரானா விஷயத்தில் அப்படி இல்லை. அது அரச குடும்பத்தின் சொந்தச் சொத்து. இடிந்துகொண்டிருந்த கோட்டையை விட்டு 1947இல் ராஜா வெளியேறிவிட்டார். 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. அதன்பின் ராஜஸ்தானில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கோட்டைக்குச் சுண்ணாம்பு அடிப்பதே பெரும்பாடு. நீம்ரானாவின் இடிபாடுகளை 1986இல், பின்னர் நீம்ரானா ஓட்டல் குழுமத்தை நடத்திய அமன் நாத்தும் பிரான்சிஸ் வாக்சியார்க்கும் வாங்கினார்கள். 1991இல் 15 அறைகளோடு திறந்தார்கள்.

இனி விதிகள். இப்படிப்பட்ட பாரம்பரிய ஓட்டல்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹெரிடேஜ், ஹெரிடேஜ் கிளாசிக், ஹெரிடேஜ் கிராண்ட் என மூன்று தரங்கள் வைத்திருக்கிறது. கோட்டை, அரண்மனை, ஹவேலி எனும் வடஇந்தியப் பழைய மாளிகை, வேட்டை மாளிகை, பழைய குடியிருப்பு எதுவானாலும் 1950க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். குறைந்தது 5 அறைகள், 10 படுக்கைகள். மேல் தரங்கள் இரண்டுக்கும் 1935க்கு முந்தைய கட்டடமும் 15 அறைகளும் தேவை.

வயதைவிட முக்கியம் முகப்பு. முகப்பைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது, தளப்பரப்பில் பாதியாவது பழையதாக இருக்க வேண்டும், புதிதாகச் சேர்க்கும் பகுதி அந்த வட்டாரத்துக் கட்டடப் பாணியோடு ஒத்துப்போக வேண்டும். பழைய வாசலை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கண்ணாடிக் கட்டடம் எழுப்பினால் தரம் கிடைக்காது. எனக்கு இந்த விதிகளிலேயே பிடித்தது இதுதான். அமைச்சகத்தின் ‘நிதி’ (NIDHI) என்ற இணையதளம் வழியே விண்ணப்பித்தால் குழு நேரில் வந்து பார்க்கும். தரச்சான்று 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

ஆனால் இந்தத் தரம் வாங்குவது கட்டாயமில்லை. அதனால் பெயர்ப்பலகையில் ‘ஹெரிடேஜ்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சான்று உண்டா, எந்த வருடம் வரை என்று கேளுங்கள்.

மத்திய அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்கள் வேறு கதை. அவற்றுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். உள்ளே அனுமதி இல்லாமல் சமைக்கவோ விருந்து நடத்தவோ முடியாது. சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். 2017இல் வந்த ‘பாரம்பரியத்தைத் தத்தெடுத்தல்’ திட்டத்தையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டெல்லி செங்கோட்டையை டால்மியா பாரத் என்ற சிமென்ட் நிறுவனம் தத்தெடுத்தபோது “விற்றுவிட்டார்கள்” என்று ஒரே கூச்சல். அந்தத் திட்டத்தில் கிடைப்பது கழிப்பறை, குடிநீர், விளக்கு போன்ற வசதிகளைச் செய்துதரும் பொறுப்பு. உரிமையும் கைமாறாது, அறையும் வாடகைக்கு விட முடியாது.

அரசு பாதுகாக்கும் கோட்டை, ஓட்டலாகிவிட்ட பழைய கட்டடம் இரண்டையும் ஒரே கடற்கரையில் பார்க்க வேண்டுமானால் தரங்கம்பாடி போங்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கொஞ்சம் தள்ளி, பழைய ஆங்கிலேயக் கலெக்டர் பங்களாவை ஓட்டலாக்கியது அதே நீம்ரானா குழுமம்.

கடைசியாக வாடகை. ஜிஎஸ்டிக்கு ‘ஹெரிடேஜ்’ தரம் ஒரு பொருட்டே இல்லை. அறை வாடகைதான் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரி 370 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 1,368 ரூபாய். வாடகை அந்த எல்லையை ஒட்டி இருந்தால் பேரம் பேசிப் பாருங்கள், 100 ரூபாய் குறைந்தாலே கிட்டத்தட்ட 1,000 ரூபாய் வரி மிச்சம்.